மூன்று வாரமாகப் பதில் இல்லை

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் மடிக்கணினியில் விண்டோஸ் 10 இருக்கிறது. அதற்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. 11-ஐ நிறுவப் போனால் இந்தக் கணினிக்குத் தகுதியில்லை என்கிறது. நன்றாக ஓடுவதைத் தூக்கிப்போட மனமில்லை. விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸுக்கு மாறலாம் என்றால், அதில் எந்த வகையை நிறுவுவது?

ஒரு தயக்கமும் உண்டு. புகைப்படங்களை அடுக்கி வைக்க ஒரு ஓப்பன் சோர்ஸ் மென்பொருள், அதாவது மூலநிரலை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று திறந்து வைத்திருக்கும் மென்பொருள், பயன்படுத்துகிறேன். அதில் ஒரு பிழை. புகார் பதிந்து மூன்று வாரமாகிறது, பதில் இல்லை. இரண்டு முறை நினைவூட்டினேன். நேரமில்லை என்றால் பொறுப்பை வேறு யாரிடமாவது கொடுத்துவிட்டுப் போகலாமே என்றும் எழுதிவிட்டேன். இவர்களை நம்பி முழுக் கணினியையும் எப்படி ஒப்படைப்பது? ஆயிரம் கண்கள் பார்ப்பதால் ஓப்பன் சோர்ஸ் பாதுகாப்பானது என்கிறார்களே, அது உண்மையா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். லினக்ஸ் மின்ட் போடுங்கள். ரேம் 4 ஜிபிதான் என்றால் அதிலேயே எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான பதிப்பை எடுங்கள். உடனே நிறுவிவிடாதீர்கள். பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே கணினியை இயக்கி, வைஃபை, ஒலி, பிரிண்டர் எல்லாம் வேலை செய்கின்றனவா என்று பாருங்கள். அப்புறம் கோப்புகளை வேறிடத்தில் நகலெடுத்து வைத்துவிட்டு நிறுவுங்கள். விண்டோஸ் 11 பிடிவாதமாகக் கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியெல்லாம் மின்டுக்குத் தேவையில்லை. லினக்ஸ் வகைகளில் (டிஸ்ட்ரோ என்பார்கள்) எது சிறந்தது என்ற சண்டைக்குள் மட்டும் போகாதீர்கள். அங்கே போனவர்கள் யாரும் வேலை முடித்துத் திரும்பியதில்லை.

சரி, இப்போது உங்களைத் திட்ட வேண்டும். 'பொறுப்பை வேறு யாரிடமாவது கொடுத்துவிட்டுப் போகலாமே' என்று எழுதினீர்களே, அந்த வரிக்காக. ஏறக்குறைய இதே வரியை 2022-ல் வேறொருவர் எழுதியிருக்கிறார். உங்களைப் போல எரிச்சலில் எழுதியதாகத் தெரியவில்லை.

எக்ஸ்இசட் என்று ஒரு மென்பொருள் இருக்கிறது. கோப்புகளைச் சுருக்குவது அதன் வேலை. லினக்ஸ் ஓடும் கணினிகளில் பெரும்பாலும் எங்காவது அது உட்கார்ந்திருக்கும். நாளை உங்கள் மின்டிலும் இருக்கும். அதைப் பல வருடங்களாகப் பராமரித்து வந்தவர் லாஸ்ஸே காலின் என்ற ஒரே ஒருவர். சம்பளம் கிடையாது. 2021 கடைசியில் ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் வந்து சின்னச் சின்னத் திருத்தங்களை அனுப்பத் தொடங்கினார். எல்லாம் ஒழுங்கான, உபயோகமான திருத்தங்கள். அதற்குப் பின்னால் வேறு சில பெயர்கள் முளைத்தன. ஏன் இவ்வளவு தாமதம், புதிய பராமரிப்பாளர் வராமல் இது உருப்படாது, முடியவில்லை என்றால் ஒப்படைத்துவிடு என்று அவை நச்சரித்தன. காலின் பொறுமையாகவே பதில் சொன்னார். ஆர்வம் போய்விடவில்லை, நீண்ட நாளாக மனநலச் சிக்கல் இருக்கிறது, இது சம்பளமில்லாத பொழுதுபோக்கு வேலை என்பதையும் நினைவில் வையுங்கள் என்றார். முன்பின் தெரியாதவர்களிடம் ஒரு மனிதர் இதற்கு மேல் என்ன சொல்ல முடியும்? அதன் பிறகும் நச்சரிப்பு நிற்கவில்லை.

பொறுப்பு மெல்ல மெல்ல ஜியா டான் கைக்குப் போனது. 2024 பிப்ரவரியில் வந்த 5.6.0 பதிப்பில் ஒரு பின்கதவு இருந்தது. அந்தப் பின்கதவு புகுந்த கணினிகளுக்குள், தொலைவிலிருந்து நுழைய உதவும் எஸ்எஸ்எச் வழியாக, சரியான சாவி வைத்திருப்பவர் உள்ளே வந்து என்ன வேண்டுமானாலும் செய்யலாம். ஆபத்தின் அளவுகோலில் அதற்கு 10-க்கு 10 கொடுத்தார்கள். நச்சரித்த பெயர்கள் ஒன்றும் அதன் பிறகு தலைகாட்டவில்லை. அவை இதற்காகவே உருவாக்கப்பட்ட போலிகள் என்றுதான் பின்னாளில் ஆராய்ந்தவர்கள் பலரும் கருதுகிறார்கள். ஜியா டான் யார் என்பது இன்றுவரை வெளிவரவில்லை.

எஸ்., என்னை உறுத்துவது பின்கதவு எழுதிய சாமர்த்தியம் அல்ல. அந்தப் போலிகள்மேல் அப்போது யாருக்கும் சந்தேகம் வரவில்லை என்பதுதான். எப்படி வரும்? நிஜமான பயனர்கள் அப்படித்தானே பேசுகிறார்கள்! கூட்டத்தில் கலக்க ஒரு வேஷம் தேவைப்பட்டது, காசு கொடுக்காமல் அதட்டும் பயனரின் வேஷம் எல்லா இடத்திலும் கிடைத்தது. நாமெல்லாம் கொஞ்சம் மரியாதையாகப் பேசிப் பழகியிருந்தால் அந்தக் கடிதங்கள் அன்றைக்கே துருத்திக்கொண்டு தெரிந்திருக்கும்.

நானும் ஒரு காலத்தில் ஒரு சின்ன நிரல் எழுதிப் பொதுவில் வைத்திருந்தேன். படங்களுக்கான வசனக் கோப்பில் நேரத்தை முன்னே பின்னே நகர்த்தும், அவ்வளவுதான். தொடக்கத்தில் நன்றி சொல்லி எழுதினார்கள், தலைகால் புரியவில்லை. பிறகு ஒருவர் 'இந்த ப்ராஜெக்ட் செத்துவிட்டதா?' என்று ஒரே வரியில் கேட்டார். எனக்குக் கோபம் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். வெட்கம்தான் வந்தது. இலவசமாகக் கொடுத்தவன் நான், ஆனால் கடன்காரனைப் போல அந்தப் பக்கத்தைத் திறக்காமல் ஒளிந்து திரிந்தேன். அந்த நேரத்தில் ஒருவன் அன்பாக வந்து 'நீங்கள் ஓய்வெடுங்கள் அண்ணா, நான் பார்த்துக்கொள்கிறேன்' என்றிருந்தால் அவன் யார் எவர் என்று கேட்காமல் சாவியைக் கொடுத்திருப்பேன். யாரும் வரவில்லை. என் நிரல் அந்த அளவுக்கு முக்கியமும் இல்லை.

ஆயிரம் கண்கள் பற்றிக் கேட்டிருந்தீர்கள். எக்ஸ்இசட் விஷயத்தில் கண்டுபிடித்தது ஒரே ஆள். ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்பவர், போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருளின் நிரலாளர், வேறு ஏதோ வேகத்தை அளந்துகொண்டிருந்தபோது, எஸ்எஸ்எச்-இல் நுழைய அரை நொடி கூடுதலாக ஆவதைக் கவனித்தார். அரை நொடிதானே என்று விடாமல் தோண்டினார். 2024 மார்ச் 29-ஆம் தேதி உலகத்துக்குச் சொன்னார். டெபியன், ஃபெடோரா போன்ற லினக்ஸ் வகைகளின் சோதனைப் பதிப்புகளோடு அந்தப் பின்கதவு நின்றது. மூலநிரல் திறந்து கிடந்ததால்தான் அவரால் அடிவரை போக முடிந்தது. மற்ற கண்களெல்லாம் அப்போது எங்கே இருந்தன என்று கேட்டால், பாதிப்பேர் புகார் எழுதிக்கொண்டிருந்தார்கள் என்பேன்.

2014-ல் வெளியே தெரிந்த ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்பு ஓட்டையின் கதையும் இதற்குப் பக்கத்துக் கதைதான். தகவல்களைப் பூட்டி அனுப்ப இணையத்தின் பெரும்பகுதி நம்பியிருந்த ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற மென்பொருளில் அந்த ஓட்டை இரண்டு வருடம் யார் கண்ணிலும் படாமல் கிடந்தது. அதைப் பராமரித்த குழுவோ விரல்விட்டு எண்ணக்கூடியது. அதைப் பற்றி இன்னொரு நாள் எழுதுகிறேன், இன்று ஏற்கெனவே நீண்டுவிட்டது.

உங்கள்மேல் எனக்குக் கோபமில்லை. பிழையைப் பார்த்ததும் எழுதிச் சொல்ல வேண்டும் என்று தோன்றியதே, அந்தக் குணம் வேண்டும். பெரும்பாலானவர்கள் மென்பொருளை நீக்கிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். ஆனால் புகாரில் என்ன எழுதினீர்கள் என்று என்னிடம் சொல்லவில்லை. பதிப்பு எண் இருந்ததா? எந்தப் படத்தைத் திறந்தால் பிழை வருகிறது, அந்தப் படத்தை இணைத்தீர்களா? மற்ற படங்களிலும் வருகிறதா? இல்லையென்றால் இன்றைக்கே போய் அதைச் சேர்த்துவிடுங்கள். கூடவே அந்த இரண்டாவது நினைவூட்டலையும் அழித்துவிடுங்கள்.