மூன்று மருந்து கலந்தும் கத்தரியில் புழு சாகவில்லை, ஏன்?

கேள்வி: பெரம்பலூர் பக்கம் 60 சென்டில் கத்தரி போட்டிருக்கிறோம். காய்ப்புக்கு வந்து ஒரு மாதம் ஆகிறது. பறிக்கிற காயில் பாதி சொத்தை. மருந்துக்கடையில் சொன்னபடி ஐந்து நாளைக்கு ஒரு தடவை மூன்று மருந்தைக் கலந்து அடிக்கிறோம். அதில் ஒன்று பருத்திக்கு வாங்கி மீந்துபோன மோனோகுரோட்டோபாஸ். புழு குறைந்தபாடில்லை. அடித்த அன்று ராத்திரி வீட்டுக்காரருக்குத் தலைவலி, குமட்டல். போன வாரம் கண்ணும் மங்கலாகத் தெரிகிறது என்றார். இதைவிட நல்ல மருந்து இருக்கிறதா? அடித்து எத்தனை நாள் கழித்துக் காய் பறிக்கலாம்? வீட்டுச் சமையலுக்கும் இதே காய்தான்.

பதில்: அம்மா, புழுவுக்கு அப்புறம் வருகிறேன். முதலில் உங்கள் வீட்டுக்காரர். அவர் இனி சில வாரங்களுக்கு டேங்கைத் தோளில் மாட்டக் கூடாது. தலைவலி, குமட்டல், கண் மங்கல் மூன்றும் மருந்து அடித்த அன்றே சேர்ந்து வந்தால் அதை வெயில் என்று தள்ளிவிட முடியாது. மோனோகுரோட்டோபாஸ் ஆர்கனோபாஸ்பேட் வகை. நம் நரம்புகள் ஒழுங்காக வேலை செய்யத் தேவையான கோலினெஸ்டரேஸ் என்ற நொதியை அது முடக்கிப்போடும். குறைந்த நொதி பழைய அளவுக்கு ஏற வாரக்கணக்கில் ஆகும். நீங்களோ ஐந்தாம் நாளே மறுபடி அடிக்கிறீர்கள். பாட்டிலின் லேபிளைப் படம் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். ரத்தத்தில் கோலினெஸ்டரேஸ் அளவு பார்க்க வேண்டுமா என்று கேளுங்கள்.

வியர்த்துக் கொட்டுவது, எச்சில் ஒழுகுவது, மூச்சு இறுக்கம், சதை துடிப்பது, இதில் எது வந்தாலும் உடனே 108. வண்டி வருவதற்குள் உடுப்பைக் கழற்றிவிட்டு சோப்புப் போட்டு நிறையத் தண்ணீரில் உடம்பைக் கழுவுங்கள். பால், மோர், புளிக்கரைசல் எதுவும் கொடுக்காதீர்கள். வாந்தி எடுக்க வைக்கவும் வேண்டாம்.

மோனோகுரோட்டோபாஸைக் காய்கறிக்கு அடிக்கக் கூடாது என்று 2005-லேயே தடை வந்துவிட்டது. நம்மூரில் அதிகம் விற்ற 36 சதவீதத் திரவத்துக்கே 2023-ல் மத்திய அரசு தடை போட்டது. மீதி இருப்பதைக் கிணற்றிலோ வாய்க்காலிலோ ஊற்றாமல் பூட்டி வையுங்கள். என்ன செய்வதென்று வேளாண் அலுவலரைக் கேளுங்கள். மற்ற மருந்துகளின் காலி பாட்டிலை மூன்று தடவை அலசி, அலசின தண்ணீரைத் தெளிப்பு டேங்கிலேயே ஊற்றிவிட்டு, பாட்டிலில் ஓட்டை போட்டுவிடுங்கள். பீகாரில் கண்டாமன் கிராமப் பள்ளியில் 2013-ல் மதிய உணவு சாப்பிட்ட 23 குழந்தைகள் இறந்ததற்குக் காரணம் இதே மோனோகுரோட்டோபாஸ்தான். சமையல் எண்ணெயில் அது கலந்திருந்தது.

சரி, புழு. இதன் பெயர் கத்தரிக் குருத்து, காய்த் துளைப்பான். அடுத்த பறிப்பில் ஒரு சொத்தைக் காயை எடுத்துப் பாருங்கள். பக்கவாட்டில் வட்டமாக ஓட்டை தெரியும். அது புழு உள்ளே போன வழி என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது வெளியே வந்த வழி. உள்ளே போனபோது அது தலைமயிர் கனத்தில் இருந்த குஞ்சுப்புழு. காம்புப் பக்கம், பச்சைத் தொப்பிக்குக் கீழே நுழைந்து, தன் எச்சத்தாலேயே வாசலை அடைத்துக்கொள்ளும். முட்டை பொரிந்த சில மணி நேரத்துக்குள் இது முடிந்துவிடும். அதற்கப்புறம் இரண்டு வாரம்போல அது காய்க்குள்ளேயோ தண்டுக்குள்ளேயோதான் வாழ்கிறது. மூன்று மருந்து அல்ல, முப்பது மருந்து கலந்தாலும் தோலுக்கு வெளியேதான் நிற்கும். உங்கள் மருந்துக்கு வீரியம் இல்லாமல் இல்லை, அது புழுவைச் சந்திக்கவே இல்லை. அந்த மருந்து சந்தித்ததெல்லாம் நமக்கு உதவும் பூச்சிகளைத்தான்: துளைப்பானின் முட்டைக்குள் தன் முட்டையை இடும் ஒட்டுண்ணிக் குளவிகளையும் பொறிவண்டுகளையும். கலவையில் சைப்பர்மெத்ரின் மாதிரி ஏதாவது பைரித்ராய்டு வகை மருந்து இருந்தால் அடுத்து வெள்ளை ஈயும் செம்பேனும் கிளம்பும், பார்த்துக்கொள்ளுங்கள்.

அதனால் உங்களுக்கு நான் சொல்லும் முதல் ஆயுதம் கத்தரிக்கோல். செடியின் நுனிக் குருத்து சில இடங்களில் மட்டும் தலை தொங்கி வாடியிருக்கும். தண்ணீர் பற்றாமல் வாடினால் செடி முழுக்க வாடும், இது ஒற்றைக் குருத்து. வாடின இடத்துக்கு ஒரு அங்குலம் கீழே வெட்டி, தண்டை நகத்தால் கீறிப் பாருங்கள். இளஞ்சிவப்பாக ஒரு புழு நெளியும். கீறின இடத்தில் புழு இல்லாமல் சுரங்கம் மட்டும் தெரிந்தால் இன்னும் கொஞ்சம் கீழே வெட்டுங்கள். வாரம் இரண்டு தடவை, காலையில் இரண்டு பேர் இறங்கினால் 60 சென்டை முடித்துவிடலாம். வெட்டின குருத்தையும் சொத்தைக் காயையும் பாலித்தீன் பையில் போட்டு வாயைக் கட்டி நல்ல வெயிலில் சில நாள் போட்டுவிடுங்கள், அல்லது எரித்துவிடுங்கள். வரப்பில் கொட்டினால் புழு சருகுக்குள் கூடு கட்டி, பத்து நாளில் அந்துப்பூச்சியாகத் திரும்பி உங்கள் செடிக்கே வரும். நான் பார்த்த பல தோட்டங்களில் சொத்தைக் காய்க் குவியல் வயல் மூலையிலேயே கிடக்கும். அங்கே எந்த மருந்து அடித்து என்ன?

இரண்டாவது, இனக்கவர்ச்சிப் பொறி. எக்டேருக்கு 12 என்பது கணக்கு, உங்களுக்கு மூன்று போதும். வாங்கும்போது கத்தரித் துளைப்பானுக்கு உரிய லூர் (ஆண் பூச்சியை இழுக்கும் வாசனைக் குப்பி) என்று கேட்டு வாங்குங்கள். தக்காளிக் காய்ப்புழுவின் லூரை மாட்டிவிட்டுப் பொறி வேலை செய்யவில்லை என்று சொல்பவர்கள் உண்டு. செடியின் உயரத்துக்குச் சமமாக மாட்டி, செடி வளர வளர ஏற்றுங்கள். இதில் விழுவது ஆண் பூச்சி மட்டும்தான், அதனால் பொறி ஒன்றை மட்டும் நம்ப வேண்டாம். ஆனால் தினமும் எண்ணிக் குறித்து வைத்தால், பூச்சி கூடுகிறதா குறைகிறதா என்று தெரியும். ஐந்து நாள் கெடு வைத்து அடிக்காமல், இந்த எண்ணிக்கையையும் வாடின குருத்தையும் பார்த்து அடிக்கலாம்.

அடிக்கத்தான் வேண்டும் என்றால் முதலில் வேப்பங்கொட்டைக் கரைசல், 5 சதவீதம். உங்கள் நிலத்துக்கு 120 லிட்டர் தண்ணீர் பிடிக்கும், அதற்கு 6 கிலோ வேப்பம்பருப்பு. இடித்து, கொஞ்சம் தண்ணீரில் ராத்திரி ஊறவைத்து, துணியில் வடிகட்டி, சோப்புக் கரைசல் கொஞ்சம் சேர்த்து அன்றைக்கே அடித்துவிட வேண்டும். சாயங்காலம் அடியுங்கள், வெயில் பட்டால் அதன் வேகம் குறைந்துவிடும். தேனீக்களும் அந்நேரம் கூட்டுக்குப் போயிருக்கும்.

அதற்கும் அடங்காவிட்டால் ரசாயனம், ஆனால் ஒரு டேங்கில் ஒரு மருந்துதான். இங்கேதான் உங்கள் 'எத்தனை நாள்' கேள்வி வருகிறது. பாட்டிலில் முக்கோணம் ஒன்று இருக்கும். சிவப்பு கொடிய நஞ்சு, மஞ்சள் அதற்கடுத்தது, அப்புறம் நீலம், கடைசியாகப் பச்சை. அந்த நிறம் அடிக்கிறவருக்கான எச்சரிக்கை, சாப்பிடுகிறவருக்கு அல்ல. சாப்பிடுகிறவருக்கு உரியது லேபிளில் பயிருக்கு நேரே போட்டிருக்கும் காத்திருப்புக் காலம், அதாவது அடித்த பிறகு பறிக்காமல் விட வேண்டிய நாட்கள். இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் 'பச்சை முக்கோணம் சார், மறுநாளே பறிக்கலாம்' என்று கடையில் சொல்கிறார்கள். குளோரான்ட்ரனிலிப்ரோல் 18.5 எஸ்சி பச்சை முக்கோண மருந்துதான். கத்தரிக்கு அதன் காத்திருப்பு 22 நாள்! நாலைந்து நாளுக்கு ஒருமுறை காய் பறிக்கிற உங்களுக்கு அது இப்போது ஆகாது. பூப்பதற்கு முன்னால், குருத்து வாடத் தொடங்கும்போது அடிக்க வேண்டியது அது.

காய்ப்பில் இருக்கும்போது எமாமெக்டின் பென்சோயேட் 5 எஸ்ஜி சரிப்படும். கத்தரிக்குக் காத்திருப்பு 3 நாள். எக்டேருக்கு 200 கிராம் என்றால் உங்கள் 60 சென்டுக்கு 48 கிராம், அதாவது 16 லிட்டர் டேங்குக்கு 6.4 கிராம். மூடியால் அளக்காதீர்கள். மூடி ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு அளவு. காலையில் பறித்து முடித்துவிட்டு அன்று சாயங்காலம் அடித்தால் அடுத்த பறிப்புக்குள் மூன்று நாள் தாண்டிவிடும். நீங்கள் வாங்கும் பாக்கெட்டில் கத்தரி என்ற பெயரும் நாளும் அச்சாகியிருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள். பயிர்ப் பெயர் இல்லாவிட்டால் அது உங்களுக்கான மருந்து இல்லை. உதாரணமாக, புரோபனோபாஸும் சைப்பர்மெத்ரினும் கலந்து வரும் பாட்டில் பருத்திக்குச் சிபாரிசானது. நம்மூரில் அது கத்தரித் தோட்டத்துக்குள் சர்வசாதாரணமாக நுழைகிறது. எமாமெக்டினையும் திரும்பத் திரும்ப அடிக்காதீர்கள், புழுவுக்குப் பழகிவிடும்.

அடிக்கிறவர் யாரானாலும் ஒன்று சொல்ல வேண்டும். மருந்து உடம்புக்குள் போவது பெரும்பாலும் தோல் வழியாக. நாம் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு கைலியோடு இறங்குகிறோம். டேங்க் மூடி கசிந்து முதுகு நனைகிறது, கைலி நனைந்து தொடையிடுக்கில் ஒட்டுகிறது. உடம்பில் மருந்தை வேகமாக இழுக்கும் இடமே அதுதான். அந்தத் துண்டும் நனைந்துவிட்டால் மருந்தை மூக்கிலேயே கட்டிவைத்த மாதிரி. முழுக்கை சட்டை, பேன்ட், பூட்ஸ், முகக்கவசம், கண்ணாடி. கைக்கு நைட்ரைல் உறை, துணி உறை வேண்டாம். டேங்கில் கலக்கும் நேரம்தான் இருப்பதிலேயே ஆபத்து, அப்போது கையுறை கட்டாயம். காற்று முதுகுப் பக்கம் இருக்க, பின்னோக்கி நடந்தபடி அடித்தால் நனைந்த செடி உடம்பில் உரசாது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நாசில் அடைத்துக்கொண்டால் வாயால் ஊதுவேன். "சார், அது ஊதுகுழல் இல்லை" என்று ஒரு கூலியாள் சொல்லித்தான் விட்டேன். பழைய பல் துலக்கும் பிரஷ் ஒன்றை டேங்கோடு கட்டிவைத்துக்கொள்ளுங்கள். அந்த உடுப்பை வீட்டுத் துணியோடு சேர்த்து ஊறவைக்காதீர்கள்.

இந்தக் காய்ப்பு முடிந்ததும் செடியைக் கவாத்து செய்து மறுதாம்பு விட, அதாவது வெட்டிவிட்டு மறுபடி துளிர்த்துக் காய்க்க வைக்க நினைப்பீர்கள், விலை நன்றாக இருந்தால் இன்னும் ஆசை வரும். இவ்வளவு புழு விழுந்த தோட்டத்தில் அது வேண்டாம். செடியைப் பிடுங்கி உடனே எரித்துவிடுங்கள். அடுப்புக்கு ஆகும் என்று கொல்லையில் அடுக்கினால், அந்தக் குச்சிகளிலிருந்தும் அந்துப்பூச்சி வந்துகொண்டே இருக்கும். அடுத்த நாற்றங்காலை அதற்குப் பக்கத்தில்தான் போடுவீர்கள், தண்ணீர்த் தொட்டி அங்கேதானே இருக்கும்.