ஜெய்சல்மேர் கோட்டையைச் சுற்றிப் பார்க்க வழிகாட்டி தேவையா?

வழி தெரிவதற்குத் தேவையில்லை. கதை தெரிய வேண்டுமென்றால் தேவை. கோட்டை சிறியதுதான், சந்துகளில் தொலைந்தாலும் கொஞ்ச நேரத்தில் உள்ளே இருக்கும் முக்கியச் சதுக்கமான தசரா சௌக்குக்கே வந்து சேர்ந்துவிடுவீர்கள்.

1156-இல் ராவல் ஜெய்சல் என்ற மன்னர் திரிகூட மலைமேல் கட்டிய கோட்டை இது. மற்ற பல கோட்டைகளைப் போல வெறும் காட்சிப்பொருள் அல்ல, உள்ளே இன்றும் மக்கள் குடியிருக்கிறார்கள். அடுத்தடுத்து நான்கு வாயில்கள். பாதை வளைந்து வளைந்து ஏறும். யானையோ குதிரையோ வேகமெடுத்து வந்து மோத முடியாதபடி செய்த ஏற்பாடு. மதில்மேல் உருண்டைக் கற்கள் இருக்கும், அண்ணாந்து பாருங்கள். எதிரி ஏறினால் தள்ளிவிடத்தான்! இதையெல்லாம் யாராவது கைகாட்டிச் சொன்னால்தான் கண்ணில் படும்.

நல்ல வழிகாட்டி தண்ணீர்ப் பிரச்சினையையும் சொல்வார். தண்ணீர் அரிதான காலத்துக்கென்று கட்டிய ஊர் இது. குழாய்த் தண்ணீர் வந்தது, விடுதிகள் பெருகின, கழிவுநீர் மலைக்குள் கசிந்து அடித்தளம் இளகியது. சில கொத்தளங்கள் சரிந்தும் விட்டன. அதனால் தங்குவதைக் கோட்டைக்கு வெளியே வைத்துக்கொள்ளுங்கள் என்பேன்.

சமணக் கோயில்களுக்குக் காலையிலேயே போய்விடுங்கள். தோல் பெல்ட், பர்ஸ் உள்ளே அனுமதியில்லை. அப்புறம், வழிகாட்டியிடம் கட்டணத்தை முன்பே பேசிவிட்டு, "கடைக்குக் கூட்டிப்போக வேண்டாம்" என்றும் சொல்லிவிடுங்கள். நான் சொல்லாமல் விட்டு, பாதி நேரம் போர்வைக் கடையில் உட்கார்ந்திருந்தேன்.