வாசகர் கேள்வி பதில்: இன்னும் எத்தனை வெள்ளிக்கிழமை?

கேள்வி: என் கணவர் குடிக்கிறார். ஆறு வருஷமாக வெள்ளிக்கிழமைதோறும் உபவாசம் இருந்து ஜெபிக்கிறேன். அவர் திருந்தவில்லை, போன வருஷம் வேலையும் போய்விட்டது. "உன் விசுவாசத்தில் ஏதோ குறை, இன்னும் அதிகமாக உபவாசி" என்கிறார்கள் சபையில். இன்னும் எத்தனை நாள்?
- ஒரு சகோதரி, தூத்துக்குடி

பதில்: சகோதரி, முதலில் அந்தப் பேச்சை மனதிலிருந்து இறக்கி வையுங்கள். பதில் வராத ஜெபத்துக்கெல்லாம் ஜெபித்தவரின் விசுவாசம்தான் காரணம் என்றால், பவுலை எங்கே வைப்பது? தன் மாம்சத்தில் இருந்த முள் நீங்க வேண்டும் என்று மூன்று தரம் வேண்டிக்கொண்டார், முள் நீங்கவில்லை. "என் கிருபை உனக்குப்போதும்" என்றுதான் பதில் வந்தது (2 கொரிந்தியர் 12). அவருக்கு விசுவாசம் போதாது என்று சொல்லும் துணிச்சல் யாருக்கும் வராது, ஆனால் ஆறு வருஷமாகக் கண்ணீர்விடும் ஒரு பெண்ணிடம் மட்டும் எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள்! எனக்குக் கோபம்தான் வருகிறது.

இப்படி ஆலோசனை சொல்கிறவர்கள் பெரும்பாலும் லூக்கா 18-ல் இயேசு சொன்ன உவமையை எடுத்துக்கொண்டு வருவார்கள். அநீதியுள்ள நியாயாதிபதியை அந்த விதவை விடாமல் தொந்தரவு செய்தாள், அதனால் காரியம் நடந்தது, நீயும் அப்படியே செய் என்பார்கள். ஆனால் அந்த நியாயாதிபதி தேவனைப் போல இருக்கிறான் என்று இயேசு சொல்லவில்லையே. இவ்வளவு மோசமான ஒருவனே கடைசியில் கேட்டான் என்றால், தம்மை நோக்கி இரவும் பகலும் கூப்பிடுகிறவர்களுக்குத் தேவன் நியாயம் செய்யாமல் இருப்பாரா என்றுதான் கேட்கிறார். நாம் சோர்ந்துபோகாமல் கேட்கலாம், ஏனென்றால் நம் ஜெபத்தைக் கேட்கிற தேவன் நம்மேல் அன்பாக இருக்கிறார், அவரை வற்புறுத்தி மசியவைக்க வேண்டிய அவசியம் நமக்கு இல்லை. கோரிக்கை நிறைவேறும்வரை பந்தலில் உட்கார்ந்து நடத்துகிற உண்ணாவிரதப் போராட்டம் மாதிரி உபவாசத்தை ஆக்கிவிட்டால், பதில் தாமதமாகிற ஒவ்வொரு வாரமும் நமக்குத் தோல்வியாகத்தான் தெரியும்.

அன்னாளைப் பாருங்கள். பிள்ளையில்லாத துக்கத்தில் சாப்பிடாமல் அழுதுகொண்டிருந்தவள், சீலோவில் தன் இருதயத்தை ஊற்றி ஜெபித்த பிறகு "புறப்பட்டுப்போய், போஜனஞ்செய்தாள், அப்புறம் அவள் துக்கமுகமாயிருக்கவில்லை" என்று எழுதியிருக்கிறது (1 சாமுவேல் 1:18). அப்போது அவள் கர்ப்பவதிகூட ஆகவில்லை. ஆசாரியனாகிய ஏலி சமாதானமாய்ப் போ என்று சொன்ன ஒரு வார்த்தைதான் கையில் இருந்தது, அதை வைத்துக்கொண்டு போய்ச் சாப்பிட்டாள். நீங்களும் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஜெபித்து முடித்ததும் நிம்மதியாக உட்கார்ந்து சாப்பிடுங்கள். அடுத்த வெள்ளி உடம்புக்கு முடியவில்லையா, விட்டுவிடுங்கள், ஆறு வருஷம் வீணாகிவிடாது.

வருஷக்கணக்கில் ஜெபித்தவர் என்றால் எனக்கு மோனிக்காதான் ஞாபகத்துக்கு வருவார். இன்றைய அல்ஜீரியாவில் இருக்கிற தகாஸ்தே என்ற ஊரில், நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்தவர், திருச்சபையின் பெரிய போதகரான அகஸ்டீனின் தாய். கணவர் கடும் கோபக்காரர், மகனோ விசுவாசத்தை விட்டு மானி என்பவரின் போதனையைப் பின்பற்றிய மானிகேயர் கூட்டத்தில் சேர்ந்து ஏறக்குறைய ஒன்பது வருஷம் அங்கேயே இருந்தான். 383-ல் அவன் ரோமுக்குப் போகக் கிளம்பியபோது கூடாது என்று தடுத்தார். நண்பனை வழியனுப்பத்தான் போகிறேன் என்று பொய் சொல்லி, அம்மாவைக் கார்த்தேஜில் ஒரு வழிபாட்டிடத்தில் தங்கவைத்துவிட்டு அன்று இரவே கப்பல் ஏறிவிட்டான். இரவு முழுக்க அவர் கேட்டது ஒன்றே ஒன்று, இவன் போகக்கூடாது என்று. விடிந்து பார்த்தால் கப்பல் போய்விட்டிருந்தது. அந்தப் பயணம்தான் அவனை மிலானுக்கு, ஆயர் அம்புரோஸின் பிரசங்கத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. 387-ல் ஈஸ்டரை ஒட்டி அவரிடமே ஞானஸ்நானம் பெற்றான். அன்று இரவு அம்மா கேட்டதைத் தேவன் கொடுக்காமல் விட்டது, அவர் எப்போதும் கேட்டுக்கொண்டிருந்ததைக் கொடுக்கத்தான் என்று பின்னாளில் அகஸ்டீனே எழுதினார். கணவரும் தன் கடைசி காலத்தில் விசுவாசத்துக்கு வந்தார்.

அதற்காக உங்கள் கணவரும் நிச்சயம் திருந்திவிடுவார் என்று நான் வாக்குக் கொடுக்க முடியாது சகோதரி, கொடுக்கவும் மாட்டேன். அவருக்கென்று ஒரு மனம் இருக்கிறது. ஆனால் குடி ஒரு நோயும்கூட. ஜுரத்துக்கு ஜெபித்துவிட்டு டாக்டரிடமும் போகிறோமே, அதேபோல இதற்கும் போங்கள். அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் விசாரியுங்கள். குடியை விட விரும்புகிறவர்கள் ஒருவருக்கொருவர் உதவிக்கொள்ளும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் குழு அவருக்கு, குடிப்பவர்களின் குடும்பத்தாருக்கென்றே இருக்கிற அல்-அனான் குழு உங்களுக்கு. அவர் வராவிட்டாலும் நீங்கள் மட்டும் போகலாம். கைநீட்டுகிறார் என்றால் 181 என்ற பெண்கள் உதவி எண்ணைக் கூப்பிடுங்கள், பாதுகாப்பான இடத்துக்குப் போய்விடுங்கள். அங்கிருந்தும் அவருக்காக ஜெபிக்கலாம்.

கேள்வி: 21 நாள் உபவாசம் இருந்தால் தடைகள் உடையும், ஒருநாள் தவறினாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்கிறார்கள். உண்மையா?
- ஒரு தம்பி, மதுரை

பதில்: வேதத்தில் அப்படி ஒரு சட்டம் கிடையாது தம்பி. தானியேல் மூன்று வாரம் துக்கித்திருந்ததைச் சொல்லும் தானியேல் 10-ஐ வைத்துத்தான் இதைச் சொல்கிறார்கள். அதே அதிகாரத்தில் தூதன் என்ன சொல்கிறான் என்று 12-ம் வசனத்தைப் படியுங்கள்: தானியேல் மனதைச் செலுத்தின முதல் நாளிலேயே அவன் வார்த்தைகள் கேட்கப்பட்டாயிற்று. தூதன் வருவதை 21 நாள் தடுத்தது பெர்சியாவின் அதிபதி, தானியேல் அதைப் பற்றி எதுவும் அறியாமலே ஜெபித்துக்கொண்டிருந்தான். இன்னொன்று, அவன் பட்டினியும் கிடக்கவில்லை, ருசியான அப்பம், இறைச்சி, திராட்சரசம் இவற்றைத்தான் விலக்கினான். 21 நாள் இருக்க விரும்பினால் தாராளமாக இருங்கள், நடுவில் ஒருநாள் விட்டுப்போனால் மறுநாள் தொடருங்கள்.

கேள்வி: அப்பாவுக்குப் புற்றுநோய். வீட்டில் எல்லோரும் மாறி மாறி உபவாசித்தோம். போய்விட்டார். இப்போது ஜெபிக்க உட்கார்ந்தாலே வார்த்தை வரமாட்டேன் என்கிறது.
- ஒரு வாசகி, நாகர்கோவில்

பதில்: வார்த்தை வராவிட்டால் பரவாயில்லை அம்மா. 13-ம் சங்கீதத்தைத் திறந்து, "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்ற ஒரு வரியை மட்டும் வாசித்துவிட்டு எழுந்துவிடுங்கள், அதுவும் ஜெபம்தான். 88-ம் சங்கீதம் முடிவில்கூட வெளிச்சத்துக்கு வராமல் இருளிலேயே முடிகிறது, அதையும் வேதத்தில் வைத்திருக்கிறார்கள். தாவீதும் வியாதிப்பட்ட தன் பிள்ளைக்காக உபவாசித்து இராமுழுதும் தரையில் கிடந்தான், ஏழாம் நாளில் பிள்ளை இறந்தது. எழுந்து குளித்து, கர்த்தருடைய ஆலயத்துக்குப் போய்ப் பணிந்துகொண்டு, வீட்டுக்கு வந்து சாப்பிட்டான். அவ்வளவு சீக்கிரம் உங்களாலும் முடிய வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்கக்கூடாது. நம் டோனாவூரில் இருந்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மாவை எடுத்துக்கொள்ளுங்கள், 1931-ல் விழுந்து அடிபட்டு, 1951-ல் இறக்கும்வரை ஏறக்குறைய 20 வருஷம் பெரும்பாலும் படுக்கையறையிலேயே இருந்தார். எத்தனையோ பேர் ஜெபித்தும் அவர் பழையபடி எழுந்து நடமாடவில்லை. கொஞ்ச நாளைக்கு உங்களுக்காக வேறு யாராவது ஜெபிக்கட்டும். நம்பிக்கையான ஒருவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு 62 வயது, சர்க்கரை வியாதி. லெந்து (தவக்கால) நாட்களில் தண்ணீர்கூடக் குடிக்காமல் உபவாசம் இருக்கிறார், மாத்திரையை மட்டும் வழக்கம்போலப் போட்டுக்கொள்கிறார். தடுப்பது பாவமா?
- ஒரு மகன், சென்னை

பதில்: தடுப்பதுதான் சரி. சர்க்கரை மாத்திரைகளில் சில, இன்சுலின் ஊசி, இவற்றை எடுத்துக்கொண்டு சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை அளவு திடீரென்று இறங்கிவிடும். கை நடுக்கம், வியர்வை, குழப்பம் என்று தொடங்கி மயக்கத்தில் கொண்டுபோய் விடும். அப்படி நடந்தால் நினைவு இருக்கும்போதே சர்க்கரைத் தண்ணீரோ குளுக்கோஸோ கொடுங்கள். நினைவு தப்பிவிட்டால் வாயில் எதுவும் ஊற்றாமல் 108-ஐக் கூப்பிடுங்கள். அவராக மாத்திரையை நிறுத்தவும் கூடாது, டாக்டரிடம் கேட்டுத்தான் எதையும் மாற்ற வேண்டும்.

அம்மாவிடம் தானியேல் செய்ததைச் சொல்லுங்கள். வேளாவேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டே, மீன், கறி, பலகாரம், டிவி சீரியல் என்று பிடித்தவற்றை 40 நாள் விட்டுவிடலாம். ஏசாயா 58-ஐயும் உட்கார்ந்து சேர்ந்து வாசியுங்கள். பசியுள்ளவனுக்கு உன் ஆகாரத்தைப் பகிர்ந்துகொடு என்று அங்கே கர்த்தர் கேட்கிற உபவாசத்துக்குச் சர்க்கரை வியாதி தடையில்லை. கறி வாங்கும் காசைச் சேர்த்துவைத்துப் பக்கத்தில் கஷ்டப்படுகிற ஒரு வீட்டுக்கு அரிசி வாங்கிக் கொடுக்கச் சொல்லுங்கள். அம்மா ஒத்துக்கொள்வார்.