படிவத்தைக் கீழே வைக்கச் சொல்லுங்கள்

கேள்வி: எங்கள் நிர்வாகத்தின் கீழ் உள்ள பள்ளிகள் எல்லாம் ஒரே பாடத்திட்டத்துக்கு மாறி இரண்டு வருடம் ஆகிறது. தலைமையாசிரியர்களுக்குப் பயிற்சி தருவது என் பொறுப்பு. பாடத்திட்டத்தை விளக்கி ஐந்து நாள் பயிற்சி கொடுத்தோம். வகுப்புகளைப் பார்வையிட 40 கேள்விகள் கொண்ட படிவமும் கொடுத்தோம். அவர்களும் தவறாமல் வகுப்புக்குப் போகிறார்கள், படிவத்தை நிரப்புகிறார்கள். ஆனால் கற்பித்தல் பழையபடியேதான் நடக்கிறது. ஆசிரியர்கள் பயப்படுகிறார்கள். ஒரு தலைமையாசிரியர், "நான் வரலாறு படித்தவன், கணக்கு வகுப்பில் உட்கார்ந்து என்ன சொல்வது?" என்று கேட்டார். அடுத்த ஆண்டுப் பயிற்சியை எப்படி மாற்றலாம்?

பதில்: உங்கள் கடிதத்திலேயே எனக்கு மிகவும் பிடித்தவர் அந்த வரலாற்றுக்காரர்தான். மற்றவர்களுக்கும் அதே சிக்கல் இருக்கும். அவர் வாய்விட்டுக் கேட்டுவிட்டார், மற்றவர்கள் படிவத்துக்குப் பின்னால் மறைந்துகொண்டார்கள். பாடக்குறிப்பு இருக்கிறதா, கற்றல் விளைவைப் பலகையில் எழுதியிருக்கிறாரா, மாணவர்களைக் குழுவாக உட்கார வைத்திருக்கிறாரா என்று பார்த்து டிக் போட ஒருவருக்குக் கணக்கே தெரிய வேண்டியதில்லை. 40 கட்டங்களிலும் டிக் விழுந்த வகுப்பில் பிள்ளைகள் எதுவும் புரியாமல் உட்கார்ந்திருக்கலாம்.

இது உங்கள் பள்ளிகளில் மட்டும் நடக்கிற கதை இல்லை. அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலம் 1980களில் கணக்குக் கற்பித்தலை அடியோடு மாற்ற முயன்றது. அப்போது ஓர் ஆரம்பப் பள்ளி ஆசிரியையின் வகுப்பை டேவிட் கோஹன் என்ற ஆய்வாளர் அருகிலிருந்து பார்த்து 1990இல் எழுதினார். அந்த ஆசிரியை சீர்திருத்தத்தை மனதார ஏற்றுக்கொண்டவர். புதிய பொருள்கள், புதிய செயல்பாடுகள், குழு இருக்கைகள் எல்லாம் வகுப்பில் இருந்தன. ஆனால் பேச்சு முழுக்க அவர் வழியாகவே போனது. விடை சரியா தவறா என்பதோடு பேச்சு முடிந்தது, ஏன் என்ற கேள்வி வரவே இல்லை. தான் முற்றிலும் மாறிவிட்டதாகவே அவர் நம்பினார். உங்கள் படிவத்தோடு யாராவது அங்கே போயிருந்தால் முழு மதிப்பெண் கொடுத்திருப்பார்கள்.

படிவம் எதைக் கோட்டை விடுகிறது என்று ஒரு சின்னக் காட்சியில் பார்க்கலாம். பின்னங்களைக் கூட்டும் பாடம். 1/2 + 1/3 என்பதற்கு ஒரு மாணவி 2/5 என்று எழுதியிருக்கிறாள். மேலே உள்ளதையும் மேலே உள்ளதையும், கீழே உள்ளதையும் கீழே உள்ளதையும் கூட்டிவிட்டாள். ஆசிரியர் "தப்பு, பகுதியைச் சமமாக்கு" என்று சொல்லிவிட்டு நகர்கிறார். அவள் அழித்துவிட்டு, பக்கத்து நோட்டைப் பார்த்து 5/6 என்று எழுதுகிறாள். கடைசி பெஞ்சில் இருக்கும் தலைமையாசிரியர் "தவறுகளை உடனுக்குடன் திருத்துகிறார்" என்ற கட்டத்தில் டிக் போடுகிறார்.

அதே இடத்தில் ஆசிரியர், "2/5 பெரியதா, 1/2 பெரியதா?" என்று மட்டும் கேட்டிருந்தால்? 1/2தான் பெரியது. அப்படியானால் 1/2உடன் இன்னும் கொஞ்சம் சேர்த்த பிறகு விடை எப்படிக் குறையும்? அந்த மாணவிக்கே உறைத்திருக்கும். இதைக் கவனிக்க வரலாற்றுக்காரர் கணக்கில் பட்டம் வாங்க வேண்டாம். அந்த ஒரு பாடத்தைத் தானே ஒருமுறை போட்டுப் பார்த்திருந்தால் போதும்.

நீங்கள் மாற்ற வேண்டியது இதைத்தான். ஐந்து நாள் பயிற்சியில் பாடத்திட்டம் என்ற ஆவணத்தை அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தீர்கள். அடுத்த ஆண்டு பாடத்தைக் கற்றுக்கொடுங்கள். எல்லாப் பள்ளிகளிலும் ஒரே பாடத்திட்டம் இருப்பதால் உங்களுக்கு ஒரு பெரிய வசதி உண்டு. அடுத்த மாதம் எல்லாருடைய பள்ளியிலும் ஒரே அலகுதான் நடக்கப்போகிறது. அதை எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்டு முழுவதற்கும் கணக்கு போல ஒரே ஒரு பாடம், ஒரு பருவத்துக்கு அதிலிருந்து ஒன்றிரண்டு அலகு. அதற்கு மேல் ஆசைப்படாதீர்கள்.

முதல் கூட்டத்தில் தலைமையாசிரியர்கள் மாணவர்களாக உட்கார்ந்து அந்த அலகின் கணக்குகளைப் போடட்டும். கொஞ்சம் கூச்சப்படுவார்கள், பரவாயில்லை. பிள்ளைகள் எங்கே தடுக்கி விழுவார்கள் என்று அவர்களே ஊகிக்கட்டும். அப்புறம் அந்த அலகை யார் நன்றாக நடத்துவாரோ அந்த ஆசிரியரின் சம்மதத்தோடு எல்லாரும் ஒரு வகுப்புக்குப் போங்கள். அங்கே ஆசிரியரைப் பார்க்க வேண்டாம். ஆளுக்கு மூன்று பிள்ளைகள், அவர்கள் எழுதுவதையும் பேசுவதையும் மட்டும் குறித்துக்கொள்ள வேண்டும். ஜப்பானில் ஆசிரியர்கள் சேர்ந்து ஒரு பாடத்தைத் திட்டமிட்டு, ஒருவர் நடத்த மற்றவர்கள் மாணவர்களைக் கவனித்து, பிறகு உட்கார்ந்து விவாதிக்கும் வழக்கம் நூறாண்டுக்கும் மேலாக இருக்கிறது. அங்கே பேச்சு அந்தப் பாடம் எப்படிப் போனது என்பதைப் பற்றித்தான் இருக்கும், ஆசிரியர் எப்படிப்பட்டவர் என்பதைப் பற்றி இருக்காது.

பெரும்பாலான பயிற்சிகள் விட்டுவிடும் இடம் அதற்கடுத்தது: ஆசிரியரோடு பேசுவது. "நன்றாக இருந்தது, இன்னும் கொஞ்சம் மாணவர் பங்கேற்பு இருக்கலாம்" என்ற வாக்கியத்தை நான் கேட்காத பள்ளி இல்லை. அதைக் கேட்டு மறுநாள் எந்த ஆசிரியராலும் எதையும் மாற்ற முடியாது. "மூன்று பேர் 2/5 என்று எழுதினார்கள். அவர்கள் என்ன நினைத்திருப்பார்கள்? நாளைக்கு அதை எப்படி எடுக்கலாம்?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு காத்திருப்பது வேறு விஷயம். தலைமையாசிரியர்களுக்கு இந்த மௌனம்தான் கஷ்டம், ஆலோசனை சொல்லியே பழகியவர்கள். அதனால் பயிற்சியிலேயே ஒருவர் ஆசிரியராகவும் ஒருவர் தலைமையாசிரியராகவும் இருந்து இந்த உரையாடலை ஒத்திகை பார்க்கட்டும். சலிக்கும்வரை பார்க்கட்டும்.

வகுப்புகளைச் சுற்றி வருவதே போதும் என்று இன்னும் யாராவது சொன்னால் அவர்களுக்கு ஒரு தகவல். கிரிஸம், லோப், மாஸ்டர் ஆகிய மூன்று ஆய்வாளர்களும் அமெரிக்காவின் மியாமியில் பள்ளித் தலைவர்கள் நாள் முழுவதும் என்ன செய்கிறார்கள் என்று பின்தொடர்ந்து பார்த்து 2013இல் வெளியிட்ட ஆய்வு அது. கற்பித்தல் சார்ந்த வேலைகளில் அவர்கள் அதிக நேரம் செலவிட்டது போகிற போக்கில் வகுப்பை எட்டிப் பார்ப்பதற்குத்தான். அப்படி எட்டிப் பார்ப்பது கூடிய பள்ளிகளில் மாணவர் முன்னேற்றம் குறைவாகவே இருந்தது. ஆசிரியரோடு உட்கார்ந்து வழிகாட்டும் நேரம் கூடிய இடங்களில் முன்னேற்றம் தெரிந்தது. ஆனால் அதற்கு அவர்கள் ஒதுக்கிய நேரம் மிகமிகக் குறைவு.

சரி, பயம். அது நியாயமான பயம். காலையில் வழிகாட்ட வருபவரும் ஆண்டு இறுதியில் மதிப்பீட்டில் கையெழுத்துப் போடுபவரும் ஒரே ஆள். "நான் குறை காண வரவில்லை" என்று எத்தனை முறை சொன்னாலும் நம்ப மாட்டார்கள். எந்த வருகை எதற்கு என்று முன்னாலேயே சொல்லட்டும். வழிகாட்டும் வருகையில் எழுதிய குறிப்பை ஆசிரியர் கையிலேயே கொடுத்துவிடட்டும், கோப்பில் போக வேண்டாம். முடிந்தால் தலைமையாசிரியர் தான் எடுக்கும் வகுப்புக்கு ஆசிரியர்களை முதலில் அழைக்கட்டும். அந்த வகுப்பு சுமாராக இருந்தாலும் நல்லதுதான், சொல்லப்போனால் சுமாராக இருந்தால் இன்னும் நல்லது. நியூசிலாந்தைச் சேர்ந்த விவியன் ராபின்சனும் சக ஆய்வாளர்களும் 27 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2008இல் வெளியிட்ட கட்டுரையில், தலைவர் செய்யும் வேலைகளில் மாணவர் கற்றலோடு மிக வலுவான தொடர்பு காட்டியது ஆசிரியர்களின் கற்றலை ஊக்குவித்து அதில் தானும் பங்கேற்பதுதான்.

இனி, பயிற்சியால் தீராத ஒன்று. எல்லாப் பள்ளியும் இந்தத் தேதியில் இந்தப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று உங்கள் அலுவலகம் அட்டவணை அனுப்புகிறதா? அப்படியானால் அந்த மாணவியின் 2/5ஐ நின்று பேச எந்த ஆசிரியருக்கும் துணிச்சல் வராது, போர்ஷன் முடிக்க ஓடுவார். ஒரு அலகுக்கு இரண்டு பாடவேளை கூடுதலாக எடுத்துக்கொள்ள அனுமதிக்கும் அதிகாரம் தலைமையாசிரியருக்கு இருக்க வேண்டும். அதை எழுத்தில் வாங்கிக் கொடுப்பது உங்கள் வேலை. அவர்கள் வாரத்தில் சில மணி நேரம் சுற்றறிக்கைகளுக்கு எட்டாமல் இருக்க வேண்டும் என்றால் அதையும் நீங்கள்தான் பேச வேண்டும்.

எல்லாப் பள்ளிகளிலும் ஒரே நேரத்தில் தொடங்காதீர்கள். ஆசிரியர்களுக்கு வழிகாட்டுவது பற்றிய 60 ஆய்வுகளைத் தொகுத்து கிராஃப்ட் என்ற ஆய்வாளரின் குழுவினர் 2018இல் வெளியிட்டதில், கற்பித்தல் நன்றாகவே மேம்பட்டது, மாணவர் தேர்ச்சியும் ஓரளவு உயர்ந்தது. ஆனால் திட்டம் பெரிதாகப் பெரிதாகப் பலன் குறைந்தது. விருப்பத்தோடு வரும் ஐந்தாறு பேரை வைத்துத் தொடங்குங்கள். வரலாற்றுக்காரரைக் கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

முதல் கூட்டத்துக்கு ஒவ்வொருவரும் ஒரே அலகிலிருந்து ஐந்து மாணவர் நோட்டுகள் கொண்டு வரட்டும். சும்மா விட்டால் அழகான கையெழுத்து உள்ள நோட்டுகளாகப் பொறுக்கி எடுத்து வருவார்கள். வருகைப் பதிவேட்டில் 5, 10, 15, 20, 25 ஆகிய எண்களில் உள்ள பிள்ளைகளுடைய நோட்டுகள்தான் வேண்டும் என்று அழைப்பிலேயே எழுதிவிடுங்கள்.