எட்மன்டனில் கிரெட்ஸ்கி பேச்சு வந்தால்

தம்பி, கனடாவின் எட்மன்டனில் வேலை கிடைத்திருக்கிறது, வாடகை எவ்வளவு ஆகும், குளிர் கோட்டு எங்கே வாங்குவது, ஆபீஸில் எல்லோரும் ஐஸ் ஹாக்கியே பேசுவார்களாமே அது தெரிந்திருக்க வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். கோட்டை இங்கே வந்து வாங்குங்கள், சென்னையில் விற்பது இந்தக் குளிருக்கு ஆகாது. வாடகையை இணையத்தில் பார்த்துக்கொள்ளலாம். ஹாக்கி விஷயத்தைத்தான் நம்மாட்கள் யாரும் சொல்ல மாட்டார்கள், வந்து இருபது வருடமாகியும் ஐபிஎல் தவிர வேறு பேச்சு கிடையாது. வாராவாரம் பிரியாணிக்குக் கூடி, வெள்ளைக்காரன் நம்மைச் சேர்ப்பதில்லை என்று புலம்புவார்கள். பேச்சுக் கொடுத்தால்தானே சேர்ப்பான்?

முதலில் வெயின் கிரெட்ஸ்கி. நம்ம சச்சின் மாதிரியா என்றால், ஏறக்குறைய. 1979 முதல் 1999 வரை, வட அமெரிக்காவின் பெரிய ஐஸ் ஹாக்கி லீகான என்எச்எல்லில் ஆடி 894 கோல், அதில் 1981-82 சீசனில் மட்டும் 92. அதைவிடப் பெரிய கணக்கு அசிஸ்ட். கோல் போட்டவருக்கு ஒரு பாயிண்ட் என்றால், அதற்கு முன்னால் பக்கை, அதாவது பந்துக்குப் பதிலான ரப்பர் வட்டை, தள்ளிக் கொடுத்த இரண்டு பேர் வரைக்கும் ஆளுக்கொரு பாயிண்ட் உண்டு, அதுதான் அசிஸ்ட், அப்படி அவர் சேர்த்தது 1963. கோல் அத்தனையையும் அழித்துவிட்டாலும் அவர்தான் முதலிடம், ஏனென்றால் இரண்டாம் இடத்திலிருக்கும் யாகர் என்ற ஆட்டக்காரருக்குக் கோலும் அசிஸ்டும் சேர்த்தே மொத்தம் 1921 பாயிண்ட்தான்.

இப்போது எச்சரிக்கை. பணத்துக்காக லாஸ் ஏஞ்சலஸ் போய்விட்டவர்தானே என்று எட்மன்டன்காரர் எவரிடமும் வாய் தவறிக்கூடச் சொல்லிவிடாதீர்கள். 1984, 85, 87, 88 என்று நான்கு முறை லீக் கோப்பை வாங்கிக் கொடுத்தவரை, அந்த 1988 ஆகஸ்டிலேயே எட்மன்டன் அணியான ஆயிலர்ஸின் முதலாளி ஒன்றரைக் கோடி அமெரிக்க டாலரும் சில ஆட்டக்காரர்களும் வாங்கிக்கொண்டு லாஸ் ஏஞ்சலஸ் அணிக்கு அனுப்பிவிட்டார். ஒரு எம்.பி., அரசாங்கமே தலையிட்டுத் தடுக்க வேண்டும் என்றார். அடுத்த வருடம் அக்டோபரில், பழைய ஜாம்பவான் கோர்டி ஹோவின் 1850 பாயிண்ட் சாதனையை அவர் எதிரணிச் சட்டையோடு வந்து எட்மன்டனில் வைத்தே முறியடித்தார், ஊரே எழுந்து நின்று கைதட்டியது. அப்புறம், டிரம்புடனான அவர் நட்பால் 2025இல் இங்கே நிறைய மனக்கசப்பு. அந்தப் பேச்சு வந்தால் காபி எடுக்கப் போய்விடுங்கள்.

எனக்கு இதெல்லாம் புத்தகத்தில் படித்து வந்ததில்லை. வந்த புதிதில் கனடா அனுபவம் இருக்கிறதா என்றே எல்லா இடத்திலும் கேட்டார்கள், இன்ஜினியர் பட்டத்தை மடித்து வைத்துவிட்டு ஒரு கிடங்கில் இரவு ஷிப்ட். அங்கே ஒரு மேஸ்திரி, உக்ரைன் வம்சாவளி. சரக்கு லாரி தாமதமானால் போதும், கிரெட்ஸ்கி செய்வது போலவே சட்டையின் வலப்பக்கத்தை மட்டும் பேண்ட்டுக்குள் செருகிக்கொண்டு, துடைப்பக் கட்டையோடு பலகை அடுக்குக்குப் பின்னால் போய் நிற்பார். பலகை அடுக்குதான் வலை, டேப் சுருள்தான் பக், கோல்கீப்பர் நான். வலைக்குப் பின்னால் அவர் நின்றால் கோல்கீப்பர் எந்தப் பக்கம் திரும்புவது? இடப்பக்கம் பார்த்தால் வலப்பக்கம் வரும். என் கணுக்காலில் அந்தச் சுருள் பட்ட வலி இருக்கிறதே!

2025 ஏப்ரலில் ரஷ்ய ஆட்டக்காரர் ஓவெச்கின் 895ஆவது கோல் போட்டு கிரெட்ஸ்கியை முந்திய அன்று அந்த மேஸ்திரிக்குப் போன் போட்டேன், அவர் ரிட்டயர் ஆகி வெகுநாளாகிறது. கிரெட்ஸ்கி மொத்தம் ஆடியது 1487 ஆட்டம், ஓவெச்கின் முந்தியதும் தன் 1487ஆவது ஆட்டத்தில்தான் என்றேன். "சரி, அசிஸ்ட் எத்தனை?" என்று கேட்டுவிட்டு, நான் பதில் சொல்வதற்குள் போனை வைத்துவிட்டார்.