ஒய்சிஎஃப்1 (YCF1) மரபணு நீக்கிய ஈஸ்ட் காட்மியம் கலந்த வளர்ப்புத் தட்டில் சாகாமல் வளர்கிறதா?

மரபணு நீக்கத்தைச் சந்தேகிக்கும் முன் தட்டைச் சந்தேகப்படுங்கள். ஒய்பிடி (YPD) என்ற சத்து மிகுந்த வளர்ப்பு ஊடகத்தில் இருக்கும் ஈஸ்ட் சாறும் பெப்டோனும் (செரித்த புரதம்) காட்மியத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதால், நீங்கள் போட்ட 50 மைக்ரோமோலாரில் செல்லுக்கு எட்டுவது கொஞ்சம்தான். குளுட்டாதயோன் என்ற சிறு மூலக்கூறு கட்டிய காட்மியத்தை, செல்லின் சேமிப்பு அறையான வாக்குவோலுக்குள் (vacuole) தள்ளுவதுதான் ஒய்சிஎஃப்1 வேலை. உலோகமே உள்ளே வராவிட்டால் அது இல்லாத குறை எப்படித் தெரியும்?

ஈஸ்ட் சாறும் பெப்டோனும் இல்லாத செயற்கை ஊடகத்தில் 0, 10, 25, 50 மைக்ரோமோலார் என்று தட்டு ஊற்றி, மரபணு நீக்காத இயல்பு வகையையும் பக்கத்திலேயே பத்து மடங்காக நீர்த்து நீர்த்துச் சொட்டு வைத்துப் பாருங்கள். யாப்1 (YAP1) என்ற இன்னொரு மரபணு நீக்கிய வகை கையில் இருந்தால் அதையும் சேருங்கள், காட்மியம், ஹைட்ரஜன் பெராக்சைடு இரண்டுக்குமே அது துவண்டுவிடும், நல்ல ஒப்பீடு.

அப்புறம், காட்மியம் புற்றுநோய் உண்டாக்கும். கையுறை கட்டாயம், மிச்சத்தைக் கழுவுதொட்டியில் ஊற்றவே ஊற்றாதீர்கள்.