விடை பின்பக்கத்தில் எதற்கு?

அன்புள்ள ஐயா,

ஒடுகத்தூர் பக்கம் ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் கணக்கு ஆசிரியையாக இருக்கிறேன். வருகிற டிசம்பர் 22, ராமானுஜன் பிறந்தநாளன்று ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை ‘புதிர்த் திருவிழா’ நடத்தப்போகிறோம். விடுகதை, தீக்குச்சிப் புதிர், மாயச் சதுரம் என்று நாற்பது சேர்த்திருக்கிறேன். அச்சுச் செலவு என்னுடையது. நேரம் வீணாகக் கூடாதென்று விடைகளைத் தாளின் பின்பக்கமே அச்சடித்துவிட்டேன். ஒரு புதிருக்கு இரண்டு நிமிடம், பிறகு மணி. குழுவாகப் பிரிக்கலாமா, தனித்தனியாகவா? பரிசு என்ன கொடுப்பது? புதிரும் விடுகதையும் ஒன்றா? எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேர் மெல்லக் கற்பவர்கள். பலருக்கு வீட்டில் அம்மா பீடி சுற்றுகிறவர். யோசிக்கச் சொன்னால் என் முகத்தையே பார்ப்பார்கள். அவர்களை எப்படி ஈடுபடுத்துவது?

ஓர் ஆசிரியை

*

அன்புள்ள ஆசிரியைக்கு,

போன வாரம் குடியாத்தத்தில் ஒரு கல்யாணம். பந்திக்குக் காத்திருந்தபோது பக்கத்தில் இருந்த சிறுமியிடம், “ஓடும் குதிரை, ஒளியும் குதிரை, தண்ணீரைக் கண்டால் தவிக்கும் குதிரை, அது என்ன?” என்று கேட்டேன். அவள் புருவம் சுருங்க ஆரம்பித்தது. அது முழுசாகச் சுருங்குவதற்குள் அவளுடைய அண்ணன் கைபேசியில் தேடி விடையைச் சொல்லிவிட்டான். “ஓ” என்றாள். பந்திக்குக் கூப்பிட்டார்கள், எழுந்து போய்விட்டாள். அந்த ‘ஓ’ ஒரு வாரமாக என் காதிலேயே கிடக்கிறது. ‘பின்பக்கமே அச்சடித்துவிட்டேன்’ என்ற உங்கள் வரியைப் படித்ததும் மறுபடி கேட்டது.

குழுவா தனியா என்பது உங்கள் வகுப்பறையின் இடவசதியைப் பொறுத்தது. பரிசு வேண்டாம், கொடுத்தே தீரவேண்டும் என்று தலைமையாசிரியர் சொன்னால் எல்லோருக்கும் ஒரு பென்சில் கொடுங்கள். தொல்காப்பியம் விடுகதையைப் பிசி என்கிறது. அந்த ஆராய்ச்சியைத் தமிழாசிரியரிடம் விட்டுவிடுங்கள்.

அந்தப் பின்பக்கத்தைத்தான் என்னால் விடமுடியவில்லை.

குதிரை விடுகதை என் ஆயா போட்டது. குடியாத்தத்துக்கு வெளியே எங்கள் கிராமம். ஆயா முறத்தை மடியில் வைத்துக்கொண்டு திண்ணையில் பீடி சுற்றுவாள். நாளைக்கு ஆயிரம். இருபத்தைந்து ஒரு கட்டு, ஆக நாற்பது கட்டு. கை பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருக்கும், வாய் பாட்டுக்கு விடுகதை போடும். எனக்கு அப்போது எட்டு வயது. “ரயிலு” என்றேன். “ரயிலு எங்கடா ஒளியுது?” என்றாள். “பூனை.” “பூனைக்குக் குதிரைன்னு பேர் வெச்சது யாரு, உங்கப்பனா?” எலி, பாம்பு, காற்று, எங்கள் கணக்கு வாத்தியார் என்று எல்லாவற்றையும் சொல்லிப் பார்த்தேன். விடையைச் சொல்லு ஆயா என்று அழுதும் பார்த்தேன். “தெரியலன்னா இன்னா, சோறு எறங்கலியா?” என்று அடுத்த இலையை எடுத்தாள்.

பத்துப் பன்னிரண்டு நாள். கண்ணில் பட்டதையெல்லாம் குதிரையா என்று ஏறிப் பார்த்தேன். இது ஓடுமா, எங்கே போய் ஒளியும், நனைந்தால் என்ன ஆகும்? அந்தப் பன்னிரண்டு நாளில் எங்கள் தெருவை நான் பார்த்த மாதிரி அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. அப்புறம் ஐப்பசி மழையில் ஏரி நிரம்பிக் கோடி போனது, மிஞ்சிய தண்ணீர் கரை வழிந்து ஓடியது. ஊரே வேடிக்கை பார்க்கக் கிளம்பியது. பேரணாம்பட்டில் தோல் தொழிற்சாலையில் வேலை பார்த்த மாமா எங்களுக்கு முன்னால் நடந்தார். கோடித் தண்ணீர் பாதையைக் கடக்கும் இடத்தில் நின்றார், குனிந்தார், எதையோ எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். நான் போட்ட கூச்சலில் மனிதர் வழுக்கி விழப் பார்த்தார். மூச்சிரைக்க வீட்டுக்கு ஓடி வந்து சொன்னேன். ஆயா தலையை நிமிர்த்தவில்லை. “இதுக்கா இம்மா நாளு?” என்றாள்.

மறுநாள் பெருமை தாங்காமல் தங்கைக்கு விடையைச் சொல்லிவிட்டேன். முதுகில் ஓர் அறை விழுந்தது. மாமரத்தில் ஏறிக் கிளையை முறித்ததற்குக்கூட ஆயா என்னை அடித்ததில்லை.

நீங்களோ இரண்டு நிமிடத்தில் மணி அடிக்கப்போகிறீர்கள்.

வேலூர்க் கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயிலில் ஒரு சிற்பம் இருக்கிறது. காளைக்கும் யானைக்கும் சேர்த்து ஒரே தலை. ஒரு பக்கத்து உடம்பைக் கையால் மறைத்தால் காளை, மறுபக்கத்தை மறைத்தால் யானை. சுற்றுலா வந்த பள்ளிப் பிள்ளைகள் அதன் முன்னால் நிற்பதை ஒருமுறை பார்த்தேன். பிள்ளைகள் சரியாகக் கண்ணைத் திருப்பக்கூட இல்லை, அதற்குள் அழைத்துவந்த ஆசிரியர், “இது காளை, இது யானை, பார்த்தாச்சா, நட நட” என்றார். பின்பக்கத்தில் விடை அச்சடித்த இன்னொரு தாள்! கடைசியாகப் போன பையன் மட்டும் திரும்பிவந்து உள்ளங்கையால் மூடி மூடிப் பார்த்தான். அவனுக்கும் திட்டு விழுந்தது.

அம்மா, கொஞ்சம் கோபமாகவே கேட்கிறேன். வீட்டில் பீடி சுற்றுகிறார்கள் என்பதை ஏன் ஒரு குறை மாதிரி எழுதியிருக்கிறீர்கள்? அந்த வீட்டுப் பெண்ணொருத்தியைக் கூப்பிட்டு, “பதினேழு கட்டும் ஆறு உதிரியும் ஆச்சு, ஆயிரத்துக்கு இன்னும் எத்தனை கட்டு, எத்தனை உதிரி?” என்று கேளுங்கள். நீங்கள் சாக்பீஸைத் தேடி எடுப்பதற்குள் சொல்லிவிடுவாள். ‘மெல்லக் கற்பவர்’ என்று பதிவேட்டில் எழுதிவைத்திருக்கிறோமே, நானும் பன்னிரண்டு நாள் மெல்லத்தான் கற்றேன். பிள்ளைகள் ஏன் உங்கள் முகத்தைப் பார்க்கிறார்கள்? இத்தனை வருடமும் விடை அங்கிருந்துதான் வந்திருக்கிறது. கொஞ்சம் பொறுத்தால் தானாக வரும் என்று அவர்களுக்குத் தெரியும். ஒரு நாள் வராமல் இருக்கட்டும்.

சொந்தக் காசில் நாற்பது புதிர் அச்சடிக்கிற ஆசிரியை எத்தனை பள்ளிக்குக் கிடைப்பார்? அதனால்தான் இவ்வளவு திட்டுகிறேன். ஆனால் நாற்பது அதிகம். மூன்று போதும்.

எந்த வரிசையைக் கூட்டினாலும் ஒரே தொகை வருகிற, ராமானுஜன் பெயரால் வழங்கும் மாயச் சதுரம் உங்கள் தாளில் முழுசாக இருக்கும் என்று நினைக்கிறேன். அதைக் கொடுக்காதீர்கள். அதன் மேல் வரிசையை மட்டும், 22, 12, 18, 87 என்று, திருவிழாவுக்கு ஒரு வாரம் முன்பே கரும்பலகை ஓரத்தில் எழுதிவிட்டு வேறு பாடம் நடத்துங்கள். என்ன எண் அது என்று கேட்டால் உங்களுக்கும் தெரியாது.

இன்னொன்றுக்கு டிசம்பர் சரிப்படாது, பலாப்பழ காலம் வரவேண்டும். கணக்கதிகாரம் என்ற பழைய தமிழ்க் கணக்கு நூலில் ஒரு வழி சொல்லியிருக்கிறது: பலாவின் காம்பைச் சுற்றியுள்ள சிறு முட்களை எண்ணி, ஆறால் பெருக்கி ஐந்தால் வகுத்தால் உள்ளே எத்தனை சுளை என்று தெரியுமாம். முள் நூறு என்றால் சுளை நூற்றிருபது. உங்களுக்கு ஜவ்வாது மலை பக்கத்திலேயே இருக்கிறது. பள்ளி திறந்ததும் பீஞ்சமந்தைப் பக்கமிருந்து ஒரு பழம் தருவியுங்கள். முள்ளை மூன்று பிள்ளைகள் தனித்தனியாக எண்ணட்டும். மூன்று எண் வரும், பாருங்கள். எது காம்பருகு, எதுவரை சிறுமுள் என்று சண்டை நடக்கும். நடக்கட்டும். அப்புறம் கையில் எண்ணெய் தடவிக்கொண்டு அறுத்து, சுளையை எண்ணுங்கள். கணக்கு ஒத்துவந்தாலும் வராவிட்டாலும் ஏன் என்று நீங்கள் வாய் திறக்கக் கூடாது. வாய் நிறையச் சுளையைப் போட்டுக்கொண்டால் அது சுலபம்.

அச்சடித்ததை வீணாக்க வேண்டாம். பின்பக்கத்தில் மைதாப் பசை தடவி ஒரு வெள்ளைத்தாளை ஒட்டிவிடுங்கள். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் படிக்கப் பார்க்கிற பயல் ஒருவன் எப்படியும் இருப்பான். அவனை அடிக்காதீர்கள். அவன் எந்த வகுப்பு என்று மட்டும் எனக்கு எழுதுங்கள்.